கூத்தாடியின் பஞ்சாங்கம்

கூத்தாடிப் புழு தூங்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். தொட்டித் தண்ணீரில் ஓயாமல் நெளிந்து கூத்தடிப்பதால்தானே அதற்கு அந்தப் பெயரே வந்தது! ஆனாலும், மாதக் கணக்கில் தூங்கும் கூத்தாடிகள் உண்டு.

வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் ஒரு செடி. அதன் இலை கூஜாவைப் போலிருக்கும். உள்ளே தேங்கும் மழை ஜலத்தில் ஒரு ஜாதிக் கொசுவின் கூத்தாடிகள் குடித்தனம் நடத்துகின்றன. கோடை முடிந்து பகற்பொழுது சுருங்கியதும், பனிக்காலம் வரப்போகிறதென்று அறிந்து, வளர்வதை நிறுத்தி உறங்கிவிடுகின்றன. பகல் நீளும்போது மறுபடி விழிப்பு! பிராட்ஷா, ஹோல்ஸாப்ஃபெல் என்ற விஞ்ஞானத் தம்பதி 2001-இல் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். வடக்கே வாழும் இக்கூத்தாடிகள், 1972-இல் உறங்கப் போனதைவிட 1996-இல் ஒன்பது நாள் தாமதித்தே போயினவாம். பூமி சூடேறிப் பனிக்காலம் தள்ளிப் போக, தலைமுறை தலைமுறையாகப் புழுவும் தன் பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொண்டது.

எங்கள் காட்பாடியில் இந்தப் பஞ்சாங்கம் செல்லாது. ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பனிக்கு அஞ்ச வேண்டியதில்லை, அச்சமெல்லாம் வறட்சிக்கே. ஆகவே நம் ஊர் டெங்குக் கொசு சூரியனைப் பார்ப்பதில்லை. நம் வீட்டு அண்டாவைப் பார்க்கிறது.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் அது முட்டையிடுகிறது. கரும்புள்ளி போல அத்தனை சிறிது. இரண்டு மூன்று நாளில் முட்டைக்குள்ளே கூத்தாடி முழு உருவம் பெற்றுவிடும். ஆனால், வெளியே வராது! தொட்டி காய்ந்தாலும், உள்ளேயே பல மாதம் உறங்கிக் கிடக்கும். தண்ணீர் ஏறி முட்டையைத் தொட வேண்டியதுதான் தாமதம், ஓட்டை உடைத்துக்கொண்டு கிளம்பிவிடும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொசு.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் எதிர் வீட்டுக் குழந்தை டெங்குவில் படுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெயில் காலம் பூரா டிரம்மைக் காலியாத்தானே வெச்சிருந்தேன், அக்கா! மழை வந்தப்புறம்தானே ரொப்பினேன்!" என்று விம்மினாள். குழந்தை பிழைத்து எழுந்துவிட்டாள். ஆனால் அந்தத் தாயின் மேல் என்ன குற்றம்? தண்ணீரைக் கொட்டச் சொன்னவர்கள், தொட்டியைத் தேய்க்கச் சொல்லவில்லையே!

ஆகவே, சகோதரிகளே, வாரம் ஒரு முறை தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றின் உட்சுவரையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். முக்கியமாக நீர்மட்டம் நின்ற கோட்டை விடாதீர்கள். பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு இவற்றையும்தான். பிறகு மூடி போட்டு வையுங்கள். தேய்க்கும் வேலையை வீட்டுப் புருஷர்களிடம் விட்டால் இன்னும் நல்லது. கை அழுத்தம் அவர்களுக்குத்தான் அதிகமாம், அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.