கரியாஹாட் சந்தையும் மாலை நேர இறாலும்

கொல்கத்தாவின் ராஷ்பிஹாரி அவென்யூவில் உள்ள லேக் மார்க்கெட் நம்மவர்க்கு நன்கு பழகிய இடம். கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்க அங்கே செல்கிறோம். அதே சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் கரியாஹாட் சந்தை வரும். அதன் மீன் பகுதியை அன்பர்கள் ஒருமுறையேனும் காண வேண்டும்.

மீன் விற்போர் மேடைமீது அமர்ந்து, 'போட்டி' என்னும் வளைந்த அரிவாளைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் அரிகின்றனர். அது நம் பாட்டியரின் அரிவாள்மணையே அன்றி வேறன்று. இறாலை வங்காளியர் 'சிங்டி' என்பர். உவர்நீரில் வளரும் வரியிறால் 'பாக்தா'. நன்னீரில் வளரும் நீண்ட கொடுக்குடையது 'கல்தா'. இந்நகரத்துக் கால்பந்து வழக்கில் இறால் மோகன் பகானுக்கும், இலிச மீன் ஈஸ்ட் பெங்காலுக்கும் உரியவை.

சுந்தரவனத்து மீனுக்கு நகரத்து வாயில் கானிங். மாட்லா ஆற்றங்கரையில் பெருந்துறைமுகம் அமையும் என நம்பி, 1860களில் அங்கே இருப்புப்பாதை இட்டனர். 1867-ஆம் ஆண்டுப் புயல் அவ்வூரைச் சிதைத்தது, துறைமுகம் நிலைக்கவில்லை. பாதை மட்டும் நிலைத்து, இன்றும் மக்களையும் மீன் கூடைகளையும் சுமந்து வருகிறது. இரயில்வே ஊழியனாகிய எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

என் இல்லத்தில் மனைவியும் பணிக்குச் செல்பவர். குழந்தைகளோடு நால்வரும் ஒருங்கே அமர்வது இரவு உணவின்போதுதான். அதையும் கடைப் பொட்டலத்திற்கு விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே வாரத்தில் ஒருநாள் அடுக்களை என் பொறுப்பு. சோறு வேகும் நேரத்திற்குள் இறாலும் ஆகிவிடும்.

நடுத்தர இறால் அரைக் கிலோ போதும். ஓட்டையும் முதுகிலுள்ள கருநரம்பையும் நீக்கி, ஈரம் ஒற்றி, உப்பும் மஞ்சளும் பிசறி வைக்க வேண்டும். நெல்லிக்காயளவு புளியைக் கால் தம்ளர் நீரில் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி வெல்லத்தூளும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூளும் கலந்துகொள்க. குளிர்காலமாயின் வங்கத்து ஈச்சவெல்லம் மிகவும் பொருந்தும். கருப்பட்டிக்கு உறவான மணம் அது.

கடுகெண்ணெயைப் புகை எழக் காய்ச்சி, தணலைக் குறைத்து, இறாலைப் பக்கத்திற்கு ஒரு நிமிடம் வதக்கி எடுத்துவிடுக. அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டு நான்கு பல், பின்னர் புளிக்கரைசல். அது கொதித்துக் கரண்டியில் ஒட்டும் பாகானதும், இறாலை மீண்டும் இட்டு ஒரு நிமிடம் புரட்டினால் ஒவ்வொன்றும் பளபளவெனப் பாகு பூசிக்கொள்ளும். இறால் பிறைபோல் வளைவதே பதம். வளையமாகச் சுருண்டால் நீர் வற்றி இறுகிவிட்டது என்று பொருள். முதலில் வதக்கித் தனியே எடுத்துவைப்பது இதற்காகவே.

இந்நகரில் பிறந்த நம் குழந்தைகள் இதனைச் 'சிங்டி' என்றே அறிவர். அதில் குறையில்லை, இம்மண் தந்த உணவுக்கு இம்மண்ணின் பெயர் இருக்கட்டும். ஆயினும் தந்தை தன் கையால் பரிமாறும்போது 'இன்னும் இரண்டு இறால் வைக்கட்டுமா?' என்று கேட்டால், நம் சொல்லும் அவர்கள் நாவில் தங்கும். ஆடவராகிய அன்பர்கள் வாரத்தில் ஒருநாள் இதனை முயன்று பார்க்கக் கோருகிறேன்.