மளவலித் திருமகள்

எங்கள் வீட்டுப் பூசையறையில் திருமகள் படம் ஒன்று உண்டு. நெல்லையில் என் பாட்டி வழிபட்டது. செம்புடவையின் கரையில் அவர் ஒட்டிய சமிக்கிகளுள் பாதி உதிர்ந்துவிட்டன. குடும்பம் புனேக்குப் பெயர்ந்தபோது, "மொழி தெரியாத ஊரில் இவளாவது நம்மவளாக இருக்கட்டும்" என்று அம்மா அதனை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வீட்டு மராத்திய மூதாட்டியை ஆஜி என்றழைப்போம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் படத்தைக் கண்டு, "இவள் எங்களவள் அல்லவா? புடவைக் கட்டைப் பாருங்கள்" என்றார். அம்மாவின் முகம் வாடியது. பின்னொரு நாள் சட்டத்தைக் கழற்றித் துடைக்கையில், படத்தின் அடியில் ஆங்கில எழுத்துகளைக் கண்டேன்: ரவிவர்மா அச்சகம், கார்லா, லோணாவளா. நெல்லையிலிருந்து வந்தவள் எங்கள் புனேக்கு அண்மையில் அச்சானவள்!

1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம், பின்னர் லோணாவளாவை அடுத்த மளவலிக்கு மாறியது. எந்திரமும் தொழில் வல்லாரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். இறுதியில் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரே அதனை விலைக்கு வாங்கினார். அயல்நாட்டு எண்ணெய் வண்ண முறை, அயல்நாட்டுப் பொறி, இவற்றிலா தேசியம்?

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி இல்லை என்றார். அப்படங்களில் நாடகப் பாங்கே மிகுதி என்பது அவர் கருத்து. நம் பாரதியோ 1906-இல் ஓவியர் மறைந்தபோது கவிதையால் அஞ்சலி செய்தார். இருவருள் யார் பக்கம் நிற்பது என நெடுநாள் தடுமாறினேன்.

1905-இல் அவனீந்திரநாத தாகூர் தீட்டிய பாரத மாதா நான்கு கைகளிலும் ஏடு, நெற்கதிர், வெண்துகில், செபமாலை ஏந்துகிறாள். ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறலாம். ரவிவர்மாவிடம் புடவையே குறியீடு. 1889-இல் அவர் வரைந்த இசைவாணியர் ஓவியத்தில் பல நாட்டு உடையணிந்த பதினொரு மகளிர் ஒரே அவையில் கூடியிருக்கின்றனர். தேவியர்க்கு வந்தபோதோ, எப்பகுதியினரும் தமதெனக் கருதத்தக்க ஒரு கட்டினை உடுத்திவிட்டார். கொடியும் முழக்கமும் புகாத அடுக்களை வரை அந்தத் தேசம் நுழைந்தது. ஆனால் அத்தேவியர் யாவரும் வெளிறிய நிறத்தவர். வயலில் கறுத்த எங்கள் பாட்டியின் நிறம் அங்கில்லை. இக்குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பாரதியின் பக்கமே சாய்கிறேன்.

அச்செழுத்துகளை அம்மாவுக்கு அன்றே படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியன்று, உதிர்ந்த சமிக்கிகளை ஒட்டித் தருவதாக ஆஜி கேட்டார். அம்மா இசையவில்லை, பூ வைக்க மட்டும் அழைத்தார்.