குனிந்தவர்களின் பள்ளத்தாக்கு

மருத்துவன் நோயுறுவதில் எப்போதும் ஒரு சிறு கேலி ஒளிந்திருக்கிறது. பல் மருத்துவன் கழுத்தில் பட்டை அணிந்து அமர்ந்திருந்தால் அக்கேலி ஒளிந்துகொள்ளவும் மெனக்கெடுவதில்லை. "பல்லுப் பிடுங்குற உங்களுக்குக் கழுத்துல என்ன சார்?" என்று கேட்காத ஆள் தேவாரத்தில் குறைவு. இருபது ஆண்டுகளாக இவ்வூரில் பல் பார்த்துவரும் கணவன் மனைவியான எங்களில் ஒருவருக்குக் கழுத்து. மற்றவருக்கு வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டு.

பிறர் நினைப்பதுபோல் பல் பிடுங்கும் பலப்பிரயோகத்தால் மட்டும் வருவதல்ல இது. வாய் என்பது சிறிய, இருண்ட குகை. அதற்குள் மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்பவன் அசையாதிருக்க வேண்டும். நடப்பவனின் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தைப் பெற்றுக்கொள்கிறது. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்கோ அந்த ஓட்டம் தடைப்படுகிறது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதைப் பற்றி 2014இல் நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட கணக்கின்படி, தலை 30 பாகை சாய்ந்தால் கழுத்தின்மீது விழும் சுமை சுமார் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. கைப்பேசியைக் கீழே வைத்துவிடலாம். பாதி முடிந்த வேர் சிகிச்சையை வைக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல் மருத்துவர் நின்றார், நோயாளி உட்கார்ந்தார். 1950, 60களில் சாயும் நாற்காலி பரவியது. நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். இனி வலி ஒழிந்தது என்றே நம்பப்பட்டது. ஆனால் வலி ஒழியவில்லை. அது கழுத்திலும் தோளிலும் இடம் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அந்த நாற்காலியும் முழுப்பயன் தருவதில்லை. "மல்லாக்கப் படுத்தா தல சுத்தும்யா" என்று நிமிர்ந்தே அமரும் மூதாட்டியின் கடைவாய்ப் பல்லைக் காண, நாங்கள்தான் வளைய வேண்டியிருக்கிறது.

அம்மூதாட்டிகளில் பலர் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடி மெட்டு வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ இடுக்கி மலைக்குப் பெண்கள் போகிறார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கும் மேலே வளர்வது. ஆனால் காய்க்கும் சரமோ தரையை ஒட்டி, தூரிலிருந்து கிளம்புவது. ஆகவே நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ, விளைந்த காயை மட்டும் விரலால் தேர்ந்து எடுக்கவேண்டும். பிறகு மறுபடியும் அந்த ஜீப், அந்த வளைவுகள். ஒருநாள் எங்கள் கழுத்துப்பட்டையைப் பார்த்த ஒரு பெண் கேலி செய்யவில்லை. "நீங்களும் எங்கள மாதிரிக் குனிஞ்சுதான சம்பாதிக்கிறீங்க" என்றார். எங்கள் நோயைச் சரியாகக் கண்டறிந்தவர் அவர்.

ஆனால் இரண்டு குனிவும் ஒன்றல்ல என்பதை நாங்கள் மறக்கக் கூடாது. எங்களால் இரு நோயாளிகளுக்கிடையே ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ள முடியும். தினக்கூலியில் அந்த ஐந்து நிமிடம் யாருடையது?

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி தொழிலாளரின் நோய்கள் பற்றி நூலெழுதியபோது, நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்தார்: என்ன தொழில் செய்கிறாய்? சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது. மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப இயக்குவதால் வரும் தசைநாண் அழற்சியும் அதில் உண்டு. ஆயினும் இங்கே இடுப்புவலி என்று வருபவருக்கு மாத்திரையும் ஊசியும் கிடைக்கின்றன. கேள்வி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். நோயாளியின் வாய் எங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி நாற்காலியை அமைக்கிறோம். மேல் தாடையை நேராகக் காண வளையாமல் கண்ணாடியில் பார்க்கிறோம். எங்கள் தலைக்குப் பதில் நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்கிறோம். உருப்பெருக்குக் கண்ணாடி வாங்கினோம். கட்டைவிரலுக்காகச் சிக்கலான கடைவாய்ப் பற்களை மதுரைக்கு அனுப்புகிறோம். அதனால் வருமானம் குறைந்தது. மதுரைக்குப் போகப் பேருந்துக் காசும் ஒருநாள் கூலியும் இழக்க முடியாதவர்கள் வலியோடு வீடு திரும்புவதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் மூட்டைக் காப்பதன் விலையில் ஒரு பங்கை அவர்கள் கட்டுகிறார்கள். இதற்கு எங்களிடம் விடையில்லை.

இயன்றது ஒன்றுண்டு. இப்போது எங்கள் நோயாளிச் சீட்டில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்த வரியில் தொழில் என்று எழுதியிருக்கிறது. "மலைக்குக் காய் எடுக்கப் போறேன்" என்பவரிடம் பல்லைப் பார்த்தபின் இடுப்பைப் பற்றியும் கேட்கிறோம். பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். சிலர் சொல்லத் தொடங்குகிறார்கள்.