செட்டிகுளமும் ஓய்வு நாளும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில் பாடாலூரை அடைந்து, அங்குப் பிரியும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் செட்டிகுளத்தைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, குன்றின்மேல் அமைந்த தண்டாயுதபாணி கோயில். அங்கு முருகன் கரும்பேந்தி நிற்பதை ஊரார் பெருமையுடன் எடுத்துரைப்பர். மற்றொன்று, சின்ன வெங்காயம். உழவனின் விளைபொருளைத் தெய்வத்தின் கையிலேயே கண்டு வணங்கும் ஊர் என்று இதனைச் சொல்லலாம்.

நாம் அங்குச் சென்றிருந்த வேளை அறுவடைக் காலம். கரிசல் நிலத்தில் ஒருபுறம் பருத்தி, மறுபுறம் மக்காச்சோளம், இடையே பிடுங்கிப் போட்ட வெங்காயம். பெண்கள் வரிசையாக அமர்ந்து தாளை அரிந்து காயைத் தனியே குவித்துக்கொண்டிருந்தனர். விதைக்காக ஒதுக்கிய காய், காற்றோட்டமான பட்டறைகளில் அடைக்கப்பட்டிருந்தது. நட்டு எழுபது நாளளவில் பலன் தரும் பயிர் இது. ஆயினும் அந்த எழுபது நாளும் உழவனுக்கு அச்சமே. திருகல் நோய் வந்தால் பயிர் போயிற்று; பிடுங்கிய காயின்மேல் மழை பெய்தால் முதலும் போயிற்று. ஆகவே வெங்காயம் எவருக்காகவும் காத்திராது. ஞாயிறென்றும் திருநாளென்றும் அது பார்ப்பதில்லை.

வயலோரத்து வேப்பமர நிழலில் பள்ளிச் சிறுவர் சிலர் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தனர். உலக நாடுகளின் விடுமுறை நாள்களும் விருதுகளும் அன்றைய பாடம். "ஹாலிடே என்றால் என்ன பொருள், தம்பி?" என்று ஒருவனை வினவினோம். "லீவுங்க சாமி" என்றான். "லீவு நாளில் என்ன செய்வாய்?" என்றோம். "அம்மாவோடு வெங்காயம் அரியப் போவேங்க" என்று சற்றும் தயங்காமல் விடை கூறினான். அவன் அகராதியில் விடுமுறை என்பதற்கு வேலை என்று பொருள்!

அன்பார்ந்த குடும்பத்தாரே, அச்சிறுவனின் மறுமொழி நம் சிந்தனைக்குரியது. ஹாலிடே என்னும் ஆங்கிலச் சொல், 'ஹோலி டே', அதாவது புனித நாள் என்பதிலிருந்து பிறந்ததாகும். தமிழிலும் நாம் திருநாள் என்றே சொல்லி வந்தோம். வேலையை விடுவது மட்டும் அதன் பொருளன்று. இறைவனை நினைப்பதற்காகவும், மனிதன் தன்னை மனிதனாக உணர்வதற்காகவும் ஒதுக்கப்பட்ட நாள் அது.

உலகைச் சுற்றிப் பார்ப்போமாயின், விடுமுறைகளுள் பல நன்றியறிதலிலேயே வேர்கொண்டிருப்பதைக் காண்போம். அமெரிக்கர் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழனை நன்றி நாளாகக் கொண்டாடுகின்றனர். ஜப்பானியர் நவம்பர் 23-ஐ உழைப்புக்கு நன்றி கூறும் நாளாகக் கொண்டுள்ளனர். அது பழைய அறுவடைத் திருநாளின் வழிவந்தது. இலங்கையில் ஒவ்வொரு முழுநிலா நாளும் பொது விடுமுறை. தைப்பொங்கலும் அங்கு விடுமுறையே. நம் தமிழக அரசின் பட்டியலிலோ பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள்கள் தொடர்ந்து வருகின்றன. ஆகஸ்டு 15-ஐ நாடு விடுதலை நாளாகவும், திருச்சபை தேவதாயின் விண்ணேற்பு விழாவாகவும் சிறப்பிக்கின்றன.

ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். உழவர் திருநாளன்று வங்கி மூடியிருக்கும், அலுவலகம் மூடியிருக்கும், பள்ளியும் மூடியிருக்கும். வெங்காயம் பிடுங்கும் தறுவாயில் இருந்தால், உழவனின் வயல் மட்டும் திறந்திருக்கும்.

இது இன்று நேற்று வந்ததன்று. கி.பி. 321-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தார். நகரத்தார்க்கும் நீதிமன்றத்தார்க்கும் ஓய்வு கிடைத்தது. உழவர்க்கோ, பருவம் தவறிவிடும் என்பதால், வேலை செய்ய அனுமதியே கிடைத்தது. நம் நாட்டில் நாராயண் மேகாஜி லோகாண்டே முன்னின்று போராடியதன் பயனாக, 1890-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஞாயிறு விடுமுறையைப் பெற்றனர். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். நம் மாநிலத்தில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது நிறுவனங்களில் பணிபுரிவோரைப் பற்றியது. நாட்கூலிக்கு வயலில் இறங்கும் தாயை அது எட்டவில்லை. அவள் ஒரு நாள் ஓய்ந்தால் அன்றைய கூலி இல்லை.

இனி, அச்சிறுவர் படித்த விருதுகளைப் பற்றியும் ஒரு சொல். உணவுக்காக உழைத்தவரை உலகம் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1970-இல் கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக்குக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நம் கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், 1987-இல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர். அவர் மறைந்தபின் 2024-இல் பாரத ரத்னாவும் வழங்கப்பட்டது. மதநல்லிணக்கத்திற்காக உயிர் நீத்த கோட்டை அமீரின் பெயரால், குடியரசு நாளன்று தமிழக அரசு விருது வழங்குகிறது. 1979-இல் நோபல் பரிசு பெற்ற அன்னை தெரேசாவோ, தமக்கு அளிக்கவிருந்த விருந்தை நிறுத்தி, அப்பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி வேண்டினார். பரிசின் பெருமை பெறுபவரோடு முடிந்துவிடாமல் பிறர் பசியையும் நினைக்க வேண்டும் என்று அவ்வன்னை நமக்குக் காட்டினார்.

இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வு நாள் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரப்படவில்லை. மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், அந்நியனுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் கூட அது உரியது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாயே என்பது அதற்கு இறைவன் கூறும் காரணம். மாட்டுப் பொங்கலன்று ஏரில் பூட்டாமல், கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாட்டுக்குப் பொங்கலூட்டும் தமிழனுக்கு இக்கட்டளை புதிதன்று. மாட்டுக்குக் கொடுத்த ஓய்வைக் கூலிக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தோமா என்பதே கேள்வி. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் தொழிலாளர் சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாகவே எடுத்துரைத்தார்.

அழுகும் காயை வயலில் விட்டுவிட்டுப் பூசைக்கு வாருங்கள் என்று நாம் கூறவில்லை. குழியில் விழுந்த ஆட்டை ஓய்வு நாளிலும் தூக்கிவிடலாம் என்பதை ஆண்டவரே ஏற்றுக்கொண்டார். ஆனால் அவசரம் இல்லாத நாளிலும் அவசரம் என்று சொல்வது வேறு. நிலமுடைய நம் குடும்பங்கள் மூன்றைச் செய்யலாம். சனி மாலையே கூலியைக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கலாம். ஞாயிறு வேலை தவிர்க்க முடியாததானால், வாரத்தில் வேறொரு நாளைக் கூலியோடு ஓய்வாக விடலாம். பள்ளி செல்லும் பிள்ளைகளை வயலுக்கு அழைப்பதை அறவே நிறுத்தலாம்.

பங்குத் திருநாளில் மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளிக்கிறோம், அது நன்று. அடுத்த ஆண்டு அம்மேடையில், தன் பிள்ளையை ஒரு நாளும் வேலைக்கு அனுப்பாமல் படிக்கவைத்த கூலிக்காரத் தாய் ஒருத்திக்கும் பொன்னாடை போர்த்துவோம். செட்டிகுளத்துச் சிறுவனைப் போன்ற ஒரு பிள்ளை நம் பங்கிலும் இருப்பான். விடுமுறை என்றால் விளையாட்டு என்று அவன் சொல்லும் நாளே நமக்குத் திருநாள்.