28 என்றால் 28தான்

அக்கா மகனின் கை முறிந்தது ரோட்டுக் குழியால் அல்ல, என்னால். ஊரெல்லாம் குழி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. பஸ் குதிரைக்கொம்பு. தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கையில் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய வருஷம். புதுச் சைக்கிளை நினைக்கவும் முடியாது. மருமகன் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் நாட்கூலி. என் சைக்கிளைக் கேட்டான். முன் சக்கரம் நெளிந்து கிடந்தது. "நாளைக்குத் தாறன்" என்றேன்.

சந்தியில் சைக்கிள் திருத்தும் பாஸ் இருந்தார். அவரிடம் நான் போகவில்லை. கூட்டம் ஒரு சாட்டு. இந்தச் சின்ன வேலைக்கு இன்னொருவரா என்ற திமிர்தான் காரணம்.

பஞ்சிகாவத்தையில் பழைய சக்கரம் ஒன்று எடுத்தேன். "28ல எது? டயர்ல என்ன நம்பர்?" என்று கடைக்காரர் கேட்டார். "28 எண்டா 28தானே" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. 28 அங்குலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் ஓடுகின்றன. என் டயரில் 40-635 என்று இருந்தது. வாங்கிய ரிம் 622. டயரின் விளிம்புக் கம்பி, ரிம்மில் அது உட்கார வேண்டிய இடத்தைவிட விட்டத்தில் 13 மில்லிமீற்றர் பெரிது.

டயர் கையாலேயே ஏறிவிட்டது. சரியான டயர் என்றால் கடைசி ஒரு சாண் கட்டைவிரலைப் பதம் பார்க்கும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காற்றடித்துச் சுற்றினேன், ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசியது. கட்டையைக் கீழே இறக்கிப் பூட்டினேன். எல்லாவற்றையும் கண்ணால் கண்டேன். கண்டும் கொடுத்தேன்.

ஆமர் வீதிச் சந்திக்குக் கிட்ட டயர் கழன்று ஃபோர்க்கில் சிக்கியது. சக்கரம் அப்படியே நின்றது. பெடியன் ஹேண்டிலுக்கு மேலால் போய் விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம் வேலை இல்லை, கூலியும் இல்லை. அரிசி பருப்பெல்லாம் யானை விலை விற்ற காலம். அக்கா தோட்டை அடகு வைத்தா.

சைக்கிளைப் பிறகு பாஸிடம் கொண்டுபோனேன். டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இந்த ரிம்முக்கு இல்லையே, மாத்தயா" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் வந்து, "ரோட்டில குழி" என்றேன். அதோடு விடவில்லை. "இவனும் வேகமா ஓடியிருப்பான்" என்று சேர்த்துக்கொண்டேன். அக்கா அவனைத்தான் ஏசினா. பிளாஸ்டர் போட்ட கையோடு அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டை மீட்கப் பாதிக் காசு நான் கொடுத்தேன். உதவி என்று சொல்லிக் கொடுத்தேன். "நீ இல்லாட்டி நாங்க என்ன செய்வம், தம்பி" என்றா அக்கா. அதையும் வாங்கிக்கொண்டேன். மற்றப் பாதியை அவவே கட்டினா.