சேவைக்கும் சம்பளம் உண்டு

நிகழ்ச்சிக்கு வரும் இளைஞர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அரசியலுக்கு வருவீர்களா?" பலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர், "ஆர்வம் இருக்குக்கா, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வைத் துருவிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் மாதச் செலவுக் கணக்குதான் இருக்கும்.

சட்டப்படி கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வாக்களிக்கும் வயதோடு தேர்தலில் போட்டியிடும் வயதையும் 18-ஆகக் குறைத்தது. ஆனால், 18 வயதில் யாரும் நேரே வேட்பாளராகிவிடுவதில்லை. அரசியல் படிக்க நினைக்கும் பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் ஒய்பியின் சேவை மையம்தான். பேராக்கில் 24 நாடாளுமன்றத் தொகுதிகள், 59 சட்டமன்றத் தொகுதிகள். அங்கே வேலை செய்யும் உதவியாளர்கள் சமூகநல உதவிப் பாரத்தை நிரப்புகிறார்கள், அடையாளக் கார்டு சிக்கலுக்காகப் பதிவு இலாகாவுக்கு அலைகிறார்கள், உரை எழுதுகிறார்கள், முகநூலில் படம் போடுகிறார்கள், துக்க வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒய்பி வருவதற்கு முன்பே போய் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான்.

எனக்குத் தெரிந்த தங்கை ஒருவர், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். பட்டம் வாங்கியதும் ஈப்போவில் ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில் சேர்ந்தார். கிடைத்த சம்பளம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை ஒட்டித்தான் இருந்தது. அந்தக் குறைந்தபட்சம் 2025-இல் 1,700 வெள்ளி ஆனது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போனால் மிச்சம் 1,500 சொச்சம். அறை வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பெட்ரோல், கல்விக் கடன், அம்மாவுக்கு அனுப்புவது என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, ஒரு தொழிற்சாலை வேலைக்கு மாறிவிட்டார்.

அவரோடு சேர்ந்த தம்பி இன்னும் அங்கேயே இருக்கிறார். அப்பா வழக்கறிஞர். சொந்த வீடு ஈப்போவிலேயே. கார் தவணையை அப்பா கட்டுகிறார். நல்ல பையன், உழைப்பாளி, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இருவரில் யார் நிலைப்பது என்பதை முடிவு செய்தது அவரவர் வீட்டு வருமானம். நாளைக்கு வேட்பாளர் பட்டியல் தயாராகும்போது யார் பெயர் தலைவர்களின் நினைவுக்கு வரும்?

நட்டம் தங்கைக்கு மட்டுமா? பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துப் பாட்டி சிவப்பு அடையாளக் கார்டோடு வந்தால், "எந்தத் தோட்டம் பாட்டி? எந்த டிவிஷன்? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" என்று கேட்டுக் கேட்டே ஆதாரத்துக்கு வழி கண்டுபிடிக்க அவருக்குத் தெரியும். அந்த அனுபவமும் அவரோடு தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

"அரசியல்னா சேவைதானே, சம்பளத்தைப் பார்க்கலாமா?" என்பார்கள். சேவைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி புதிதல்ல. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்று 1838-லேயே தொழிலாளர் இயக்கம் கோரியது. சம்பளம் இல்லாவிட்டால் சொத்துள்ளவர்கள்தானே அங்கே போய் உட்கார முடியும்? ஆண்டுக்கு 400 பவுன் என்று அது கைக்கு வந்தது 1911-இல்தான். அமெரிக்க வெள்ளை மாளிகை தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதோ 2022-இல்.

நம் தோட்டப்புறத்துக்கு இந்த நியாயம் முன்பே தெரியும். 1954-இல் அமைந்த தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், உறுப்பினர்களின் சந்தாவில்தான் முழுநேர அலுவலர்களை வைத்துக்கொண்டது. நமக்காகப் பேசுகிறவர் வயிறு காயக்கூடாது என்று, விடியுமுன் மரம் வெட்டப் போனவர்கள் தங்கள் சம்பளத்தில் இருந்து கொடுத்தார்கள்.

நம் நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 16,000 வெள்ளி. அதில் இருந்தே உதவியாளர்களுக்கும் கொடுக்கட்டும் என்று சொல்ல வரவில்லை. உதவியாளர் சம்பளத்துக்கென்று தனி நிதி, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பாராமல் எல்லாத் தொகுதிக்கும் வேண்டும். பிரிட்டனில் உறுப்பினர்களின் ஊழியர்களுக்கான சம்பள அளவை ஒரு தனி அமைப்பு வகுத்து வெளியிடுகிறது. இங்கேயும் அப்படிச் செய்யலாம். அதுவரை, எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம், சேமநிதி, சொக்சோ, மாற்று விடுப்பு ஆகியவற்றையாவது ஒவ்வோர் ஒய்பியும் உறுதி செய்யலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்கும், சம்பளம் போனால் போகட்டும்" என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள். எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டே சேரச் சொல்லுங்கள். வசதி உள்ளவர்களும் கேட்க வேண்டும். நீங்கள் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் தொகைதான், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் சம்பளமாகிறது.