எகர வரிசை

மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற இன்றைக்கும் புலாவ் செபாங் போகவேண்டும். முன்பு அங்கிருந்து நகரம்வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாம் பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் போன பக்கமே தோட்டத்து ஆட்களும் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அப்பா அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். சயாமுக்குப் போகாமல் தப்பிய அவருக்கு ஜப்பான் மொழி வந்து சேர்ந்தது.

ஜாசின் பக்கத்துத் தோட்டப் பள்ளி. காலையில் தோக்கியோ இருக்கும் திசை பார்த்துக் குனிந்து வணங்கவேண்டும். ஆண்டு 1942 என்று எழுதக்கூடாது, 2602 என்று எழுதவேண்டும். சிலேட்டில் கதகானா எழுத்து. படித்ததில் அப்பாவுக்குக் கடைசிவரை நின்றவை ‘இச்சி, நி, சான்’ என்ற எண்களும் நாலைந்து கட்டளைகளும்தான். யசுமெ, நவோரெ, ஹஷிரெ, இக்கெ. லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எப்போதாவது சொல்லிக்காட்டுவார். பொருள் கேட்டால் வாயால் சொல்லமாட்டார், எழுந்து நின்று உடம்பை விறைத்தும் தளர்த்தியும் காட்டுவார்.

1982இல் பிரதமர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானுக்குப் படிக்கவும் பயிற்சிக்கும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தொழிற்சாலையிலும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். ‘ஷின் நிஹொங்கோ நோ கிசோ’ என்று ஒரு புத்தகம், 1990இல் வந்தது, வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கென்றே எழுதியது. அதன் நகல் தாள்களோடு மாலை வகுப்பு நடக்கும். எழுத்து வந்துவிட்டது, சொல்லும் வந்துவிட்டது. வினை மட்டும் பிடிபடவில்லை. ஒரு வினைக்கு இத்தனை உருவமா என்று எங்கள் கூட்டமே மலைத்துப்போய் நின்றது.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்புச் சுவரில் தொங்கிய உயிர்மெய் அட்டவணை எனக்குக் கைகொடுத்தது. சீனக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதே போலக் கட்டம் போட்டேன். எழுது என்பதற்கு அவர்கள் சொல் கக்கு. எழுதவில்லை என்றால் கக்கனாய், பணிவாகச் சொன்னால் கக்கிமசு, எழுதினால் என்பதற்கு கக்கெபா, எழுதுவோம் என்பதற்கு கக்கோ. க, கி, கு, கெ, கோ! வினையின் கடைசி எழுத்து அகரத்திலிருந்து ஓகாரம்வரை ஒவ்வொரு கட்டமாக நகர்கிறது, அவ்வளவுதான். இது தற்செயலும் அல்ல. ஜப்பானியரின் அ, இ, உ, எ, ஒ வரிசையே பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்துமுறையிலிருந்து போனது. உயிர்மெய் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கட்டங்கள் ஏற்கெனவே மனப்பாடம்.

பால்டின் பெட்டி அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூலையில் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தோம். ஜப்பானியப் பிள்ளைகளும் வளையத்தில் கோத்த சின்ன அட்டைகளில்தான் சொற்களைப் படிப்பார்களாம், தங்கோச்சோ என்று பெயர். முன்பக்கம் வினை, பின்பக்கம் அதன் ‘தெ’ உருவம். கக்கு கைத்தெ ஆகும், யொமு யொந்தெ ஆகும். இந்த மாற்றங்களைப் பெருக்கல் வாய்ப்பாட்டு ராகத்தில் பாடினோம். தொழிற்சாலை பஸ்ஸில் மலாய்க்காரத் தோழிகளும் அதே ராகத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

‘தெ’ உருவத்துக்குப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்தது. எங்கள் தமிழாசிரியர் ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தது அதுவேதான். எழுதிப் பார் என்பதை அவர்களும் கைத்தெ மிரு என்றுதான் சொல்கிறார்கள். மிரு என்றால் பார். எழுதி வை, எழுதிக் கொடு, எழுதிவிடு எல்லாவற்றுக்கும் அங்கே இணை உண்டு. வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் கித்த என்ற ஒரே உருவம் போதும் என்பது கூடுதல் சலுகை. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று எழுதினார், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அந்த ஒற்றுமையால் எனக்குப் பிழைப்பு கிடைத்தது.

ஒருநாள் அப்பா காலண்டர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ம, மி, மு, மெ, மோ வரிசையில் யசுமெ இருந்த கட்டத்தில் விரல் நின்றது. இக்கெயும் ஹஷிரெயும் அதே எகரப் பத்தியில்தான் இருந்தன. வினை எகரத்தில் முடிந்தால் ஏவல். எண்கள் போக, அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா கொண்டுவந்தது முழுக்க அந்த ஒரு பத்தி. மற்றக் கட்டங்களை நான் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். தயவுசெய்து இளைப்பாறுங்கள் என்பதற்கு யசுந்தெ குதசாய் என்று வந்தபோது, மறுபடி சொல்லச் சொன்னார்.

“அப்படியும் பேசுவானுங்களா, தம்பி?”

“பேசுவாங்கப்பா. பெரியவங்ககிட்ட அப்படித்தான் பேசணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடிக்காமல், கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். அந்த வயதில் எனக்குக் கோபமே வந்தது. ஒரு பிள்ளைக்கு மொழி சொல்லித்தரும்போது கட்டளையை மட்டும் சொல்லித்தந்தவர்கள்மேல் அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பிறகு தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்தார்கள். வீடு மாறிய அலைச்சலில் காலண்டர் தாளும் அட்டைக் கோவையும் எங்கே போயினவோ. அப்பாவும் இல்லை, வினையெச்சம் சொல்லித்தந்த ஆசிரியரும் இல்லை.

அலோர் காஜா பக்கம் பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை 2003இல் வந்தது. அந்த வட்டாரப் பிள்ளைகள் கைபேசிச் செயலியில் ஜப்பான் மொழி படிக்கிறார்கள். வினையைத் தட்டினால் எல்லா உருவமும் வந்து நிற்கிறது, விளக்கம் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ஒரு தாளை எடுத்துத் தமிழிலேயே எழுதச் சொல்கிறேன்: செய்து பார், செய்து வை, செய்து கொடு, செய்துவிடு. பக்கத்திலேயே ஜப்பான் சொல்லை எழுதினால் போதும், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். கட்டளை உருவத்தைக் கடைசியாகத்தான் சொல்லித்தருகிறேன்.